பழைய டிராக்டரும் புதிய வண்ணமும்

நம் முன்னோர் ஏருக்கும் மேழிக்கும் வண்ணம் பூசியதில்லை. கருவேல மரத்தில் செதுக்கிய கலப்பை வெயிலிலும் சேற்றிலும் கிடந்து தானே கறுத்து, உழவன் கைபட்ட இடம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழத்துவிடும். வண்ணமெல்லாம் மாட்டின் கொம்புக்குத்தான், அதுவும் ஆண்டுக்கொருமுறை. இரும்பாலான உழவுப்பொறி வந்த பின்னரே வண்ணம் ஒரு தேவையாயிற்று. மரம் வெறும் மேனியோடு வாழும், இரும்பு வாழாது. ஈரக்காற்று தீண்டினால் துருவேறும். அவ்விரண்டையும் பிரித்து வைக்கும் மெல்லிய திரையே வண்ணப்பூச்சு. அழகு என்பது அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த அழகுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹாரி ஃபெர்குஸன் என்னும் அயர்லாந்துக்காரர் பெயரால் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறு டிராக்டர்கள் செய்யப்பட்டன. அவை சாம்பல் நிறத்தவை. கனடா நாட்டு மாஸி ஹாரிஸ் நிறுவனத்தின் டிராக்டர்களோ செந்நிறத்தவை. 1953-இல் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. சில ஆண்டுகளில் மேல்தகடுகளுக்குச் சிவப்பும், அடியிலுள்ள எஞ்சின் முதலிய உறுப்புகளுக்குச் சாம்பலும் என்று ஏற்பாடாயிற்று. சம்பந்தம் செய்துகொண்ட இரு குடும்பங்கள் ஆளுக்கொரு சீர் கொடுத்ததுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, அவ்வண்டிகளைச் செம்பியத்திலேயே செய்யலாயிற்று. தமிழகத்து வயல்களில் நாம் கண்டு பழகிய சிவப்பும் சாம்பலும் வந்த வழி இதுவே.

நம் வீட்டுக் கொட்டகையில் நின்றதும் அந்த இனத்தைச் சேர்ந்த மாஸி ஃபெர்குஸன் 1035 வண்டியே. 1970களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. மர்ஹூம் அத்தா அவர்கள் 1987-இல் அதைச் சமவெளியிலிருந்த ஒரு வியாபாரியிடம் பழைய வண்டியாக வாங்கினார்கள். புது வண்டிக்குக் கடன் தர வங்கி ஆயத்தமாகவே இருந்தது. வட்டி சேர்ந்த பணத்தில் உழுத நிலத்தின் கிழங்கைப் பிள்ளைகளுக்கு ஊட்ட மாட்டேன் என்று அத்தா மறுத்துவிட்டு, கைக்கு எட்டிய தொகையில் பழையதை வாங்கினார்கள். கொடைக்கானல் மலையில் டிராக்டர் என்பதே அந்நாளில் ஓர் அதிசயம். இங்குள்ள படித்தட்டு நிலங்களில் கொத்துவதும் உழுவதும் மனிதனும் மாடும்; மூட்டை சுமப்பது மட்டக்குதிரை. மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துச் சரிவு குறைந்த நிலங்களில்தான் டிராக்டருக்கு வேலை. அங்கே குத்தகைக்கு எடுத்த நிலத்தில் முப்பது ஆண்டுகள் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் அந்த வண்டியை நம்பியே விளைந்தன.

2019-இல் அத்தா வஃபாத்தானார்கள். அம்மா, ஆண்மக்கள் இருவர், பெண்மகள் ஒருத்தி என்று வாரிசுகள் நால்வர். ஃபராயிளு முறைப்படி சொத்தை நாற்பது பங்காக்கினால் அம்மாவுக்கு 5, நமக்கும் தம்பிக்கும் தலா 14, தங்கைக்கு 7. வீட்டையும் ரொக்கத்தையும் அவ்வாறே பிரித்துக்கொண்டோம். டிராக்டரை மட்டும் அறுத்துப் பங்கிட இயலவில்லை. விற்பதற்கும் மனம் வரவில்லை. ஐந்தாண்டு கொட்டகையில் நின்று துருவேறிற்று. 2024-இன் இறுதியில் மன்னவனூர் விவசாயி ஒருவர் கேட்டு வந்தார். இருக்கிறபடியே கொடுத்தால் 1,20,000 ரூபாய், வண்ணம் பூசிக் கொடுத்தால் 1,60,000 வரை போகும் என்று தரகர் கணக்குச் சொன்னார். தங்கைக்குக் கணக்கில் நாட்டமில்லை. “அத்தாவுடைய வண்டி இந்தக் கோலத்தில் வாசல் தாண்டக் கூடாது, காக்கா” என்று சொல்லிவிட்டாள்.

வத்தலக்குண்டுப் பட்டறைக்கு இறக்கிக் கொண்டுபோகும் செலவை எண்ணி, வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. லாரிகளுக்கு வண்ணம் பூசிப் பழகிய மேஸ்திரி ஒருவர் வாரத்தில் மூன்று நாள் மலையேறி வந்து கற்றுக்கொடுக்க இசைந்தார். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் அவருடையவை, உடலுழைப்பு நம்முடையது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உறைபனியும் குறைந்துவிடும் பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தோம்.

வண்ணம் பூசும் வேலையில் பூசுவது பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் சுரண்டுவதும் கழுவுவதும் தேய்ப்பதுமே. முப்பது ஆண்டுக் கிரீஸும் மண்ணும் இறுகிக் கல்லாகியிருந்தன. முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு கம்பி பிரஷ், அதன் பின் உப்புத்தாள். எண்ணெய்ப் பசை ஒரு விரலளவு தங்கிவிட்டாலும் அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காமல் மீன்கண்போல் வட்டமிட்டு விலகிக்கொள்ளும்.

இதில் ஓர் எச்சரிக்கை. அந்நாளைய சிவப்பு, மஞ்சள் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் சேர்க்கலாகாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சிலும், சோற்றிலும், தவழும் குழந்தையின் கையிலும் போய்ச் சேரும். குழந்தையின் மூளையைத் தாக்கக்கூடியது ஈயம். ஆகவே தண்ணீர் தெளித்தே தேய்த்தோம். பேரப் பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் அண்டவிடவில்லை. வழிந்த செந்நீரைத் தார்ப்பாயில் தேக்கி, வண்டல் படியவிட்டு, அதை டப்பாவில் அடைத்து ஒதுக்கி வைத்தோம். ஓடையில் விடலாமே என்று வேலையாள் கேட்டான். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு காட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானல் மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதரச மாசு வெளிப்பட்டு இங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்.

தேய்க்கத் தேய்க்க, வண்டி தன் வயதைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு வந்தது. மேலே இருந்தது அத்தா பிரஷ்ஷால் பூசிய மங்கலான சிவப்பு. அதன்கீழ் தடித்த, பளபளப்பான இன்னொரு சிவப்பு. எல்லாவற்றிற்கும் அடியில் தொழிற்சாலையில் பூசிய மெல்லிய, கல்போன்ற முதற்பூச்சு. அடிப்பகுதியிலும் சாம்பல் நிறம் இப்படியே மூன்று அடுக்காய் இருந்தது. இடப்பக்கப் பின்சக்கரத்தின் ஆக்ஸில் ஹவுசிங்கில் மட்டும் நடு அடுக்கின்கீழ் இரும்பு வரவில்லை, பட்டி வந்தது. கால் விரற்கடைக் கனத்திற்குப் பட்டி. அதையும் பெயர்த்தபோது வார்ப்பிரும்பில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசலும், அதன்மேல் புழு ஊர்ந்ததுபோல் பற்றவைத்த தடமும் தெரிந்தன.

அப்போதுதான் ஒரு பழைய புதிருக்கு விடை கிடைத்தது. அந்தச் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் எப்போதும் கசியும். இரவில் வண்டியை நிறுத்தியதும் ஒரு தகர டின்னை அதன்கீழ் வைப்பது அத்தாவின் வழக்கம். விடியலில் அதில் சேர்ந்திருக்கும் எண்ணெயைக் கதவுக் கீலுக்கும் மண்வெட்டிக்கும் தடவுவார்கள். சிறுவயதில் நமக்கு அது ஒரு சிக்கனமாகவே பட்டது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். “பழைய வெல்டிங். தாங்கும் பாய், இத்தனை வருசம் தாங்கியிருக்கே. பட்டி போட்டு இழைச்சுட்டா யாருக்கும் தெரியாது” என்றார். தீய எண்ணத்தில் சொன்னதன்று. பள்ளம் கண்டால் நிரப்புவது அவர் தொழில்.

அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொன்னோம். அம்மா வியக்கவில்லை. “அத்தாவுக்குத் தெரியும். வாங்கின இரண்டாம் வருசமே மெக்கானிக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். விற்றவன் மேல் அத்தாவுக்கு ரொம்ப நாள் ஆத்திரம். மஹ்ஷரில் கேட்டுக்கொள்கிறேன் என்பார். அப்புறம் ஒரு ரமளானில், அந்த ஆளுக்கு ஹலால் பண்ணிவிட்டேன் என்றார். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை” என்றார்கள். முப்பது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் நம் காதுக்கு எட்டாத செய்தி இது.

ஆக, புது வண்ணத்தைக் காட்டி ஒருவர் நம் அத்தாவுக்கு விற்ற அதே விரிசலின்மேல், கையில் ஸ்ப்ரே கன்னோடு இப்போது நாம் நின்றோம். விற்பதோ நம் சொத்து மட்டுமன்று. நாற்பதில் இருபத்தாறு பங்கு மற்றவர்களுடையது.

இதை அப்படியே நிறுத்திவிட்டு, கைத்தொழில் கற்ற கதைக்கு வருவோம். வேலை அதற்காக நிற்கவில்லை.

ஸ்ப்ரே கன் என்பது பிறப்பால் ஒரு மருத்துவக் கருவி. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிப்பதற்காக 1880களின் இறுதியில் அவர் ஒரு தெளிப்பானை அமைத்தார். அவர் மகன் தாமஸ் 1907-இல் அதே உத்தியை வண்ணத்திற்குத் திருப்பினார். 1920களில் டூபான்ட் நிறுவனத்தார் டூக்கோ என்ற பெயரில் விரைந்து உலரும் வண்ணத்தை மோட்டார் கார்களுக்கு அளித்தபோது, வாரக்கணக்கில் நடந்த வேலை நாள் கணக்கிற்குச் சுருங்கிற்று. நம் பட்டறைகளில் இன்றும் எந்த நிறுவனத்தின் வண்ணமானாலும் “டூக்கோ அடிப்பது” என்றே சொல்கிறார்கள்.

தொண்டைக்கு மருந்திட வந்த கருவி பிறகு தொண்டைக்கே பகையாயிற்று என்பது வேறு செய்தி. தெளிக்கும்போது எழும் புகைபோன்ற துளி நுரையீரல்வரை செல்லும். தூசிக்குக் கட்டும் துணியோ சாதாரண முகமூடியோ தின்னரின் ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். இரண்டு டின் கலந்து அடிக்கும் பி.யு. வண்ணங்களின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. அதற்குக் கரி முகமூடியும் போதாது, வெளியிலிருந்து தூய காற்றைக் குழாயில் தரவேண்டும். வீட்டில் செய்பவர் அதன் பக்கமே போகாதிருப்பது நலம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பைத் தொடும். கொடைக்கானலில் குளிருக்குக் கதவை அடைத்துக் கணப்பு மூட்டும் வழக்கம் இருப்பதால் இங்கே இது இரட்டை அபாயம். நாம் வேலை செய்த நாட்களில் அம்மா கணப்பின்றிப் போர்வைக்குள் இருந்தார்கள்.

முதல் நாள் மேஸ்திரி வண்ணத்தைத் தொடவிடவில்லை. கன்னில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, சுவரில் அடிக்கச் சொன்னார். சுவரில் விழும் ஈரத்தின் வடிவத்தைப் பார்த்துக் கையைத் திருத்தவேண்டும். தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம். அதற்குக் கிட்டினால் ஒழுகும், விலகினால் சொரசொரப்பாகும். மணிக்கட்டை ஆட்டினால் நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவும் உண்டாகும். ஆகவே தோளிலிருந்து கை முழுதும் தகட்டுக்கு இணையாக நகரவேண்டும். தகட்டின் விளிம்புக்கு வெளியிலேயே விசையை அழுத்தத் தொடங்கி, மறு விளிம்பைக் கடந்த பின் விடவேண்டும். ஒவ்வொரு வரியும் முன்வரியின் பாதியை மூடிச் செல்லவேண்டும். தொழுகையில் ஸஃப்பு நிற்பதுபோல் இடைவெளியின்றி என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். மூன்று நாள் தண்ணீர், இரண்டு நாள் பழைய தகரத்தின்மேல் மலிவு வண்ணம், அதன் பிறகே வண்டி.

சமவெளியில் கற்ற பாடங்கள் சில மலையில் செல்லா. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. கம்ப்ரசர் நிறைய நேரமாகும். அடிக்கடி மூச்சு வாங்கும். காற்றோடு பனியீரத்தையும் அது உள்ளே இழுப்பதால் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும். காலையும் பகலும் திறந்து வடிக்காவிட்டால் வண்ணத்தோடு தண்ணீரும் தெறிக்கும். மேஸ்திரி தம் வழக்கப்படி முதலில் ஒரு மட்கார்டுக்கு டூக்கோ அடித்துக் காட்டினார். கண்ணெதிரே சிவப்பு பாலேடுபோல் வெளுத்துப் போயிற்று! தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகடு குளிர்கிறது; குளிர்ந்த தகட்டில் மூடுபனியின் ஈரம் படிந்து வண்ணத்திற்குள் சிக்கிக்கொள்கிறது. “உங்க ஊர் மேகம் கன்னுக்குள்ளயே வந்திருது பாய்” என்று அலுத்துக்கொண்டார். அன்றே டூக்கோவை மூட்டை கட்டிவிட்டு, மெதுவாக உலரும் சிந்தெட்டிக் எனாமலுக்கு மாறினோம். தொழிற்சாலைப் பளபளப்பு அதில் வராது என்பார்கள். உழவு வண்டிக்கு அது போதும் என்பது நம் அபிப்பிராயம்.

காலைப் பனி காய்ந்து தகடு சூடேற மணி பத்தரை ஆகும். பிற்பகல் மூன்றுக்கெல்லாம் மேகம் இறங்கிவிடும். இடையிலுள்ள அந்த நேரத்திற்குள்தான் எல்லாம். ளுஹர் வக்தும் அதற்குள்ளேயே வரும். உளூச் செய்யும்போது தண்ணீர் தோலைத் தொடவேண்டும். நகத்தின்மேல் எனாமல் ஒரு பொட்டு உலர்ந்திருந்தாலும் அது தடை. எவ்வளவு கவனமாகக் கையுறை அணிந்தாலும் மணிக்கட்டிலும் புருவத்திலும் சிவப்புத் துளிகள் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சோப்பிட்டுக் கழுவி முடிப்பதற்குக் கால் மணி நேரம். முகமூடியும் கையுறையும் கட்ட அலுத்துக்கொண்ட மேஸ்திரிகூட, நாம் படும் பாட்டைக் கண்டு நான்காம் நாளிலிருந்து அவற்றைக் கட்டிக்கொண்டார்.

இனி அந்த விரிசலுக்கு வருவோம்.

மதீனத்துக் கடைவீதியில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தியை அறியாத முஸ்லிம் வீடு இருக்க முடியாது. நமக்கு அதில் பிடிபட்டது இதுதான்: தானியம் நனைந்தது குற்றமன்று, மழை யாருக்கும் பெய்யும்; உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றம். விற்பதற்கு முன் பால் கறக்காமல் மடியைப் பெருக்கவிடுவதும் விலக்கப்பட்டுள்ளது. தண்ணீரால் சுழலும் மாவரைக்கும் ஆலையை விற்பவன், நீரைத் தேக்கிவைத்து வாங்குவோர் வரும் வேளையில் திறந்துவிடுவதையும் ஃபிக்ஹு நூல்கள் இதோடு சேர்த்துப் பேசுகின்றன. மறைத்து விற்ற குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிவிடும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபினரும் ஒருமித்தவர்கள். வண்ணம் பூசி விற்பதை எவரும் தடுக்கவில்லை. துருவைத் தடுக்கும் பூச்சு வேறு, கண்ணைத் தடுக்கும் பூச்சு வேறு. ஒரே டின்னிலிருந்து வருவதுதான் சங்கடம்.

தம்பிக்கு முதலில் உடன்பாடில்லை. “காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டி போடலாமே” என்றான். அதிலும் நியாயம் உண்டு. வாயால் சொல்லிவிட்டால் குறை மறைக்கப்பட்டதாகாது. ஆயினும் இவர் அடுத்தவருக்கு விற்கும்போது நம் காகிதம் கூடவே போகாது, பட்டி போகும். இதைச் சொன்னதும் தம்பி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “சரி, பிரைமர் மட்டும் அடித்து மேலே சாம்பல் கொடுங்கள்” என்றான். மனக்குறை மேஸ்திரிக்குத்தான். கண்ணாடிபோல் இழைத்த வண்டியில் ஓரிடத்தில் மட்டும் தழும்பு தெரிந்தால் தம் கைக்குக் கெட்ட பெயர் என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அந்த ஆற்றாமையையெல்லாம் பானட்டில் காட்டினார். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மார்ச் முதல் வாரத்தில் மன்னவனூர்க்காரர் வந்தார். வண்டியைச் சுற்றிவந்து, “புதுசு மாதிரி ஆக்கிப்புட்டீகளே, ராவுத்தரே” என்றார். அவரைப் பின்சக்கரத்தருகே அழைத்துப்போய் உட்காரவைத்து, தழும்பைக் காட்டி, எண்ணெய் கசிவதையும் சொன்னோம். விரலால் நீளத் தடவிப் பார்த்தார். கைபேசியில் தம் மெக்கானிக்கை அழைத்து நெடுநேரம் பேசினார். பிறகு, “வேற எதுவும் உண்டா?” என்றார். வலப்பக்க பிரேக் இழுக்கும் என்பதையும் சொன்னோம். அதற்குச் சிரித்தார். “பிரேக்கை நான் அப்பவே ஓட்டிப் பார்த்துட்டேன்” என்றார். 1,60,000 என்று தொடங்கிய பேச்சு 1,38,000-இல் முடிந்தது.

வண்ணம், தின்னர், மேஸ்திரி கூலி, வேலையாள் கூலி எல்லாம் சேர்ந்து 18,000. கழித்தால் 1,20,000. தரகர் முதல் நாள் சொன்ன அதே தொகை! ஒரு மாதம் மண்ணெண்ணெயில் கை ஊறியதற்கு ஒரு காசும் கூடவில்லையே என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பங்குக்கு 3,000 வீதம் அம்மாவுக்கு 15,000, நமக்கும் தம்பிக்கும் தலா 42,000, தங்கைக்கு 21,000 என்று அன்று மாலையே எண்ணி வைத்தோம். தங்கை தன் பணத்தை வாங்கிக்கொள்ளுமுன், நம் கைபேசியில் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மன்னவனூர்க்காரர் வண்டியைக் கிளப்பினார். மிச்சமிருந்த சிவப்பு வண்ண டின்னைக் கொடுத்தோம். ஏறி உட்கார்ந்தவர் இறங்கி வந்து, கொட்டகை மூலையில் கிடந்த அந்தப் பழைய தகர டின்னையும் கேட்டார். அடியில் வைப்பதற்கு அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லி, கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார்.